மூணு தரம் சொல்லாத ஏலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில் ஆன்லைன் ஏலத்தில் பொருள் எடுப்பது எப்படி என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதன் கடைசிப் பத்தியில், ஏலம் முடிய நாலைந்து வினாடி இருக்கும்போது தானாகவே விலை கேட்கும் ஸ்னைப்பிங் சாஃப்ட்வேர் இருக்கிறது, அதில் தொகையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் பொருள் உங்கள் பெயரில் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அந்த சாஃப்ட்வேரிடம் தோற்றவன் நான். அப்புறம் அதே மாதிரி சாஃப்ட்வேரை வைத்து இன்னொருவரைத் தோற்கடித்தவனும் நான். இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இடம் போதாமல் வெட்டுவதானால் என் காமிராக் கதையை வெட்டுங்கள், ஏல விதியைப் பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

என் அப்பா தண்டையார்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் சைஸ், ஸ்கூல் குரூப் போட்டோ, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எல்லாம் எடுப்பார். கல்யாண வீட்டுக்கு அவர் தூக்கிக்கொண்டு போனது யாஷிகா மேட் 124ஜி. இரண்டு லென்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும், 120 பிலிமில் பன்னிரண்டே படம். 1970இல் வந்து 80களின் நடுவில் நின்றுபோன மாடல். அப்பா போன பிறகு அது பீரோவில் உறைக்குள்ளேயே கிடந்தது. எங்கள் பக்கத்துக் கடல்காற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், புதுசாக அடித்த ஜன்னல் கிரில்லே இரண்டு வருஷத்தில் பொரிந்து உதிரும். எடுத்துப் பார்த்தபோது படம் பிடிக்கிற கீழ் லென்ஸுக்குள் பூஞ்சை, சிலந்தி வலை பின்னியது போல ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஓடியிருந்தது. பூஞ்சை லென்ஸின் பூச்சையே தின்றுவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. ரிப்பேர் பார்ப்பவர், இதே மாடலில் உடம்பு போய் லென்ஸ் நன்றாக இருக்கிற காமிரா ஒன்று கிடைத்தால் மாற்றிப் போட்டுத் தருகிறேன் என்றார்.

அப்படித்தான் ஏலத்துக்குள் போனேன். நம் ஊரிலேயே ஒரு காலத்தில் பாஸி டாட் காம் என்று ஏலத் தளம் இருந்தது, 2004இல் அதை அமெரிக்க ஏல நிறுவனமான ஈபே வாங்கியது, 2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளமே மூடப்பட்டது. அதனால் இந்த மாதிரிப் பழைய பொருளுக்கு வெளிநாட்டுத் தளங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்த தளத்தின் பெயர் வேண்டாம். ஏழு நாள் ஏலம். அதே மாடல் காமிரா, வெளிச்சம் அளக்கிற மீட்டர் வேலை செய்யாது, உடம்பெல்லாம் கீறல், ஆனால் விற்பவர் லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் படம் போட்டிருந்தார், ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தளங்களில் நாம் சொல்லும் தொகை அப்படியே விலையாகிவிடாது. நம் உச்ச விலையைத் தளத்திடம் ரகசியமாகச் சொல்லி வைக்கிறோம், அடுத்தவர் கேட்கக் கேட்கத் தளமே நமக்காக ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போகும், நம் உச்சம் தாண்டினால் நின்றுவிடும். நான் 140 டாலர் சொல்லி வைத்திருந்தேன், நம் காசில் ஏறக்குறைய 12,000 ரூபாய், கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் தனி. ஆறாம் நாள் ராத்திரி விலை 92 டாலரில் நின்றது, முன்னால் இருந்தது நான்தான்.

போன ஆகஸ்டு. அமெரிக்க மேற்குக் கரையில் சாயந்திரம் ஆறு பத்துக்கு முடிகிற ஏலம் நமக்குக் காலை ஆறு நாற்பது. சரியாக அந்த நேரத்துக்குத் தெருவுக்குத் தண்ணி லாரி வந்துவிட்டது. என் மனைவி கீழேயிருந்து, "ஏங்க, அந்த ரெண்டு குடத்தையும் எடுத்துட்டு வாங்க, லைன் பெரிசாவுது" என்கிறாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் இரண்டு பிளாஸ்டிக் குடத்தையும் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நிற்கிறேன். இருபது வினாடி, 92. பத்து வினாடி, 92. ஐந்து. மூன்று என்று காட்டும்போது எழுத்து சிவப்பாக மாறி 142.50 என்று வந்தது. குடத்தைப் படியிலேயே விட்டுவிட்டு விரலை வைக்கிறேன், பக்கம் சுற்றுகிறது, சுற்றுகிறது, ஏலம் முடிந்தது என்று வந்து நின்றது. ஒரு குடம் உருண்டு கீழே போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்னும் ஐந்து டாலர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பத்து கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

உங்கள் கட்டுரையாளர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியும், ஏனென்றால் என் நண்பர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். உன் உச்சம் 140, அவன் உச்சம் அதற்கு மேல், அவன் எடுத்தான், இதில் என்ன அநியாயம், நீ உண்மையான உச்சத்தை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று. கணக்காகப் பார்த்தால் சரி. இந்த ரகசிய உச்ச விலை முறைக்கு அடிப்படையாக இருப்பதே 1961இல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் எழுதிய ஆய்வுதான், அவருக்கு 1996இல் நோபல் கொடுத்தார்கள். ஜெயித்தவர் தன் தொகையைக் கொடுக்காமல் இரண்டாவதாக வந்தவரின் தொகையைக் கொடுத்தால் போதும் என்று வைத்தால், எல்லாரும் மனசில் இருக்கும் உண்மைத் தொகையைச் சொல்வதுதான் புத்திசாலித்தனம் என்று அவர் காட்டினார். அது மூடிய உறையில் எழுதிக் கொடுக்கும் ஏலத்துக்கு. திறந்து வைத்து, ஏழு நாள் எல்லாரும் பார்க்க நடத்தி, கடைசி மூன்று வினாடியில் மட்டும் அதை மூடிய உறையாக மாற்றுவதற்கு அது எப்படிப் பொருந்தும்? அப்பாவின் காமிராவுக்கு நான் எவ்வளவு கொடுப்பேன் என்பது எதிரே ஒருவர் 142 கேட்கும்போதுதான் எனக்கே தெரியவரும். ஏலம் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தானே.

என் பெரியம்மா காசிமேட்டில் மீன் எடுத்து மார்க்கெட்டில் கூடை போட்டு விற்றவர். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போவேன், விடிகாலை மூணு மணிக்கு. படகிலிருந்து இறக்கிய சங்கராவும் காரப்பொடியும் தரையில் குவியல் குவியலாகக் கிடக்கும், ஐஸ் தண்ணி செருப்புக்குள் புகுந்து கால் மரத்துப் போகும், தலைக்கு மேல் ஒரு மஞ்சள் லைட். ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் நூறு நூறு நூத்திப்பத்து நூத்திப்பத்து என்று ஓட்டுவார். பெரியம்மா வாயைத் திறந்து கேட்கவே மாட்டார், தாடையை மட்டும் லேசாகத் தூக்குவார், அது ஏலம் விடுகிறவருக்குப் புரியும். ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லிவிட்டு மூணாவது சொல்வதற்கு முன்னால் அந்த ஆள் கட்டாயம் பெரியம்மா முகத்தைப் பார்ப்பார். "இன்னாம்மா, வுட்ரவா?" பெரியம்மா இடுப்புச் சுருக்குப்பையை வெளிப்பக்கமாகவே தடவிப் பார்ப்பார். சில நாள் தாடை மறுபடி தூக்கும். சில நாள் கையை வீசிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். விட்டது அவர்தான், அதனால் வருத்தமும் இருக்காது.

மூணு தரம் சொல்வது சடங்குக்காக இல்லை. ஒவ்வொரு தடவை விலை ஏறும்போதும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகக் கேட்டவருக்கு மேல் ஏற்ற எல்லாருக்கும் ஒரு மூச்சு நேரம் உண்டு. எங்கள் தெருவில் மாசா மாசம் ஏலச்சீட்டு நடத்தும் அக்காவும் அப்படித்தான் நடத்துகிறார்கள், எட்டு மணி ஆகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சீட்டை முடித்ததை நான் பார்த்ததே இல்லை.

கடிகாரத்தை வைத்து ஏலத்தை முடித்தால் என்ன ஆகும் என்பது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே தெரிந்த விஷயம். 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் மெழுகுவர்த்தி ஏலம் என்று ஒன்று இருந்தது. சின்னத் துண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைப்பார்கள், சுடர் அணையும்போது கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். அங்கே கடற்படை நிர்வாகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ் என்பவர் 1662இல் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு ஆள் மட்டும் எப்போதும் கடைசியாகக் கேட்டு ஜெயித்துக்கொண்டிருந்தானாம், எப்படி என்று கேட்டதற்கு, சுடர் அணையப் போகிற நேரத்தில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துத்தான் வாய் திறப்பேன் என்றானாம். அந்த ஆள் புகையைப் பார்த்துச் செய்ததை இப்போது எங்கேயோ இருக்கும் ஒரு சர்வர் செய்கிறது. ஸ்னைப்பர் என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து போனதுதான். 18ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் உள்ளான் வகைப் பறவையை வேட்டையாடியதிலிருந்து வந்த பெயர் அது. சேற்றோடு சேறாக இருந்துவிட்டுச் சடாரென்று கோணல்மாணலாகப் பறக்கும் பறவை, அதைச் சுடுகிறவன் தனிக் கெட்டிக்காரன் என்று பெயர்.

சாஃப்ட்வேரில் பெரிய மந்திரம் எதுவும் கிடையாது. ஏலப் பொருளின் எண், உங்கள் உச்சத் தொகை, முடிய எத்தனை வினாடிக்கு முன் கேட்க வேண்டும், இந்த மூன்றையும் கொடுத்துவிட்டால் போதும். உங்கள் போன் அணைந்திருந்தாலும், ஊரில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்குக் கேட்டுவிடும். 90களின் கடைசியிலிருந்தே இந்தச் சேவைகள் இருக்கின்றன. கடைசி நேரத்தில் கேட்பது ஈபேயில் விதிப்படி சரியானதுதான். ஆகவே இதைப் பயன்படுத்துகிறவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பெயரில் வந்து தன் பொருளுக்குத் தானே விலை ஏற்றுகிற விற்பனையாளர்கள் உண்டு. நீங்கள் முதல் நாளே 140 சொல்லி வைத்தால், அவர்கள் ஏழு நாளும் ஐந்து ஐந்தாகத் தட்டிப் பார்த்து உங்கள் உச்சத்தின் வாசல் வரை ஏற்றிவிடுவார்கள். கடைசி வினாடியில் கேட்டால் அந்தப் பித்தலாட்டத்துக்கு நேரம் இருக்காது. இன்னொன்று, பொருள் தெரிந்தவரின் சிக்கல். பழைய பொருளில் அனுபவம் உள்ள ஒருவர் முதலிலேயே விலை கேட்டால், அவர் கேட்ட விலையைப் பார்த்தே மற்றவர்கள் 'இது நிஜச் சரக்கு போலிருக்கிறது' என்று மொய்ப்பார்கள், அவருடைய அறிவு இலவசமாகப் போய்விடும். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதையெல்லாம் ஆராய்ந்து 2002இல் கட்டுரை வெளியிட்டார்கள். ராத்துக்கு வேறொரு ஆராய்ச்சிக்காக 2012இல் நோபல் கிடைத்தது.

அவர்கள் பார்த்ததுதான் என் கடிதத்துக்கு முக்கியம். அந்தச் சமயத்தில் அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு தளத்திலும் கிட்டத்தட்ட ஒரே விதிகள், ஒரே ஒரு வித்தியாசம். ஈபேயில் குறித்த நேரம் வந்தால் முடிந்தது. அமேசானில் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் நீளும், பத்து நிமிடம் யாருமே கேட்காமல் போனால்தான் முடியும். விளைவு என்ன தெரியுமா? பழம்பொருள் ஏலங்களில், ஈபேயில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் விலை கேட்டிருந்தார்கள், அமேசானில் அது நூற்றுக்கு மூன்று என்ற அளவில்தான் இருந்தது. இரண்டு இடத்திலும் வாங்கியது அதே மாதிரி மனிதர்கள்தான். விதி வேறு, நடத்தை வேறு. ஒளிந்திருந்து அடிப்பதால் லாபம் இல்லை என்றால் யாரும் ஒளிவதில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில் விட்ட பிறகு மூன்று மாதம் தேடினேன், டிசம்பரில் அதே மாடல் வந்தது. இந்த முறை ஏலப் பக்கத்தில் ஒரு தடவைகூடக் கை வைக்கவில்லை. ஸ்னைப் சேவை ஒன்றில் 165 டாலர், ஐந்து வினாடி என்று போட்டுவிட்டு ராத்திரி படுத்துவிட்டேன். காலையில் மெயில், 118 டாலருக்கு எனக்கு விழுந்திருந்தது. காபி குடிக்காமலேயே மனைவியிடம் ஓடிச் சொன்னேன். அப்புறம் ஆசையாக ஏலப் பட்டியலைத் திறந்து பார்த்தேன், யார் யார் எப்போது கேட்டார்கள் என்று அதில் இருக்கும், பெயர் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தவிர நட்சத்திரமாக இருக்கும். என்னைத் தவிர முக்கால்வாசி வரிகளில் ஒரே ஆள். முதல் நாள் 60. மூன்றாம் நாள் 75. ஆறாம் நாள் 90. கடைசி நாள், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது 115.50. அந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அந்த மனிதர் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எந்த ஊரோ, அவருடைய வீட்டில் எந்தக் குடம் உருண்டதோ. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் 120 கேட்டிருப்பாரா, 160 கேட்டிருப்பாரா, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. விற்றவரையும் நினைத்துப் பாருங்கள். நான் 165 வரை கொடுக்கத் தயாராக இருந்தேன், எதிரே ஒருவர் விழித்து உட்கார்ந்திருந்தார், இரண்டு பேரையும் பேசவிட்டிருந்தால் அவருக்கு இன்னும் முப்பது நாற்பது டாலர் கிடைத்திருக்கலாம். வீட்டில் இருக்கும் பழைய பொருளை விற்று ஒரு செலவைச் சமாளிக்கிறவராக இருந்தால் அது சின்னத் தொகையா? இந்தக் கடிகார விதியில் வாங்குகிறவர்களில் ஒருவருக்கு மட்டும்தான் லாபம், அதுவும் இந்தத் தடவை எனக்கு.

மாற்று வழி எங்கேயோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், உங்கள் பேப்பரிலேயே இருக்கிறது. கடன் கட்டாத வீட்டையும் மனையையும் வங்கிகள் விற்கிற மின்னணு ஏல அறிவிப்புகள் வாரா வாரம் உங்கள் பக்கங்களில் பொடி எழுத்தில் வருகின்றன. அந்த நேரப் பத்தியைப் படித்துப் பாருங்கள், காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, 5 நிமிட வரம்பற்ற நீட்டிப்புடன் என்று போட்டிருப்பதைப் பல அறிவிப்புகளில் பார்க்கலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம், மறுபடி கேட்டால் மறுபடி ஐந்து. அதுதான் மூணு தரம், வேறு என்ன. ஜப்பானில் யாகூ ஏலத் தளத்திலும் இதே ஐந்து நிமிட நீட்டிப்பு உண்டு, விற்பவர் வேண்டாம் என்றால்தான் இருக்காது. பழைய காமிரா தேடுகிறவர்களுக்கு அந்தத் தளம் நன்றாகத் தெரியும். நியூசிலாந்தின் டிரேட் மீ தளத்தில் இரண்டு நிமிடம்.

இப்படி நீட்டிக்கொண்டே போனால் ஏலம் எப்போதுதான் முடியும் என்று ஒருவர் கேட்டார். காசு தீரும்போது முடியும். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் யாரோ ஒருவர் முன்னைவிட அதிகமாகக் கேட்டாக வேண்டும். 2010இல் நம் அரசாங்கம் 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டபோது 34 நாள் நடந்தது, 183 சுற்று, யாரும் மேலே கேட்காத கட்டம் வந்த பிறகுதான் முடித்தார்கள். கிடைத்தது ரூ.67,719 கோடி. முதல் நாள் சாயந்திரம் ஆறு மணிக்கு மணியடித்து முடித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

பெரிய இடத்துக்குத்தான் இதெல்லாம் என்றும் சொல்ல முடியாது. என் அண்ணன் மகன் கொளத்தூரில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறான். தெரிந்தவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஏலக் குழு வைத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு முடியும். மீன் வாலை விரித்து நிற்கிற வீடியோ ஒன்றைப் போடுவான், கீழே தொகை வரும். ஆரம்பத்தில் எட்டு ஐம்பத்தொன்பது வரை குழு ஊமையாக இருக்குமாம், அப்புறம் ஒரே நிமிடத்தில் நாற்பது மெசேஜ், நெட் மெதுவாக இருக்கும் பையன் அனுப்பிய தொகை ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு வந்து சேரும், அவன் நான் முன்னாலேயே அனுப்பினேன் என்பான், ஸ்கிரீன்ஷாட் சண்டை, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். போன வருஷக் கடைசியில் விதியை மாற்றினார்கள்: கடைசி மூன்று நிமிடத்தில் யார் கேட்டாலும் அதிலிருந்து இன்னும் மூன்று நிமிடம். அதற்குப் பிறகு சண்டை இல்லை என்கிறான். ராத்திரி ஒன்பதே காலுக்குள் முடிந்துவிடுகிறதாம். அதிகபட்சம் ஒரு தடவை ஒன்பது நாற்பது ஆனது, அந்த மீன் கருநீலம், வெள்ளை ஓரம், நானே பார்த்தேன், அதற்கு அவ்வளவு நேரம் தகும்.

சாஃப்ட்வேர் பக்கம் போகிறவர்களுக்கு உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். பல ஸ்னைப் சேவைகள் உங்கள் ஏலக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையுமே கேட்கும், உங்கள் பெயரில் உள்ளே நுழைந்துதான் அவை விலை கேட்கின்றன. நானும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அன்று ராத்திரியே பயம் பிடித்து, ஏலம் முடிந்த காலை பாஸ்வேர்டை மாற்றினேன், அந்தக் கணக்கில் கார்டு விவரம் இருந்ததையும் எடுத்துவிட்டேன். ஓடிபி சொல்லாதீர்கள் என்று திரும்பத் திரும்பக் காதில் விழுகிற ஊரில் இருந்துகொண்டு, முகம் தெரியாத ஒரு சேவையிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள் என்று ஒரு பேப்பர் எழுதலாமா? வேறு கணக்குகளிலும் அதே பாஸ்வேர்டை வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர். ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும் என்பதையாவது ஒரு ஓரத்தில் போட்டிருக்கலாம்.

அப்படிப்பட்ட சேவையே இல்லாமல் ஏலம் கேட்பவர்களுக்கு நான் அனுபவத்தில் சொல்வது ஒன்றே ஒன்று. நீட்டிப்பு இல்லாத தளமாக இருந்தால், இதைத் தாண்டிப் போனால் எனக்கு வருத்தம் இல்லை என்று பெரியம்மா கையை வீசுகிற அந்தத் தொகை எதுவோ, அதைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டு போனைக் கீழே வையுங்கள். கண்டுபிடிப்பது கஷ்டம், தெரியும். நீட்டிப்பு இருக்கும் தளத்தில் அந்தக் கஷ்டம் வேண்டியதில்லை, எதிரே ஒருவர் கேட்கும்போது யோசித்துக்கொள்ளலாம்.

ஏலத் தளம் நடத்துகிறவர்கள் தமிழ்ப் பேப்பரைப் படித்து விதியை மாற்றப் போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நம் பிள்ளைகள் இப்போது ஆப் எழுதுகிறார்கள். பழைய பைக்குக்கு, புறாவுக்கு, காயினுக்கு, ஸ்டாம்புக்கு என்று தினம் ஒரு குழுவும் ஒரு ஆப்பும் புதிதாக வருகின்றன. அவர்கள் ஏலத்துக்கு நேரம் குறிக்கும்போது அந்த மூன்று நிமிடத்தையும் சேர்த்து எழுதினால் போதும், பத்து வரி புரோகிராம் என்கிறான் அண்ணன் மகன். உங்கள் கட்டுரையைப் படிப்பவர்களும் அவர்கள்தான், அதனால்தான் அது ஒளிந்து அடிக்கச் சொல்லிக் கொடுத்தது எனக்கு அவ்வளவு வலித்தது.

லென்ஸ் மாற்றியாகிவிட்டது. ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்தேன், பன்னிரண்டும் வந்திருக்கிறது.

கட்டுரை எழுதியவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் நேரில் ஒரு ஏலம் பார்க்க விரும்பினால் நானே காசிமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகுகள் கரையில் நிற்கின்றன, ஜூன் 15க்கு அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் வரலாம். விடிகாலை மூணு மணி. பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.